கணினி திணறினால் வைரஸ் என்று பொருளா?

சித்திரை பாதி கடந்து கத்திரி வெயில் தொடங்கும் நாள்களில், வேலூரில் கணினி வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபேன் சத்தம் தாங்க முடியல, டாஸ்க் மேனேஜர்ல சிபியு நூறு காட்டுது. வைரஸ் ஏறிடுச்சா?" கேட்கும்போதே விடையைப் பாதி முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். மீதிப் பாதியைக் கடைத்தெருவில் இருக்கும் சர்வீஸ் கடை முடித்துவைக்கிறது: "ஃபார்மெட் போட்டுடலாம் சார்."

காட்பாடியில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளின் மடிக்கணினி ஒரே கோடையில் இரண்டு முறை இப்படி ஃபார்மெட் செய்யப்பட்டது. இரண்டாவது முறை, அவள் மூன்று மாதம் உழைத்து எழுதிய ப்ராஜெக்ட் அறிக்கையும் சேர்ந்து அழிந்தது. அந்தக் கணினியில் வைரஸ் எதுவும் இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. குடியாத்தத்தில் கைலி வியாபாரம் செய்யும் நண்பரின் கதை இதற்கு நேர்மாறானது. அவருடைய அலுவலகக் கணினி பல மாதங்களாக இரவும் பகலும் வேறு யாருக்காகவோ உழைத்துக்கொண்டிருந்தது. பழைய சிஸ்டம் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். திரையில் தெரியும் அந்தச் சதவீத எண் எதைச் சொல்கிறது என்பது இரண்டு இடத்திலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சில சொற்கள்

நம் ஊரில் "சிபியு" என்றால் மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டி முழுவதையும் குறிக்கும். உண்மையில் அந்தப் பெயர் பெட்டிக்குள் இருக்கும் மதர்போர்டில் பொருத்தப்பட்ட, ஏறக்குறைய தீப்பெட்டி அகலமே உள்ள ஒரு சில்லுக்கு உரியது. தமிழில் அதைச் செயலி என்று எழுதுவார்கள். ஆனால் கைப்பேசியில் நாம் இறக்கிக்கொள்ளும் ஆப்களையும் இப்போது செயலி என்றே செய்தித்தாள்கள் எழுதுவதால் குழப்பம் வருகிறது. ஆகவே இந்தக் கட்டுரையில் சில்லைப் பிராசஸர் என்றும், அதன் உதவியால் ஓடும் மென்பொருள் ஒவ்வொன்றையும் நிரல் என்றும் குறிப்பிடுகிறேன்.

உரிமையாளருக்குத் தெரியாமல் புகுந்து, அவருக்குக் கேடான வேலையைச் செய்யும் நிரலுக்குத் தீநிரல் என்று பெயர். வைரஸ் என்பது அதில் ஒரு வகை மட்டுமே. மற்றக் கோப்புகளில் ஒட்டிக்கொண்டு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் வகை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் வைரஸ் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் நாம் அதிகம் பார்க்கப்போவது வேறொரு வகையை.

மடைத் தண்ணீரும் பிராசஸரின் நேரமும்

வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஏரிப் பாசனத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பிராசஸரைப் புரியவைப்பது எளிது. ஏரியின் மடை ஒன்று. அதை நம்பியிருக்கும் வயல்கள் பல. எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட முடியாது என்பதால், முறைவைத்து இந்த வயலுக்குச் சிறிது நேரம், அடுத்த வயலுக்குச் சிறிது நேரம் என்று வாய்க்காலைத் திருப்பிவிடுவதற்கு ஊரில் ஒருவர் இருப்பார். கணினியில் நிரல்கள்தாம் வயல்கள். பிராசஸரின் நேரம்தான் தண்ணீர். திருப்பிவிடுபவர் விண்டோஸ், இப்படிக் கணினியின் வளங்களைப் பங்கிட்டு நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர்.

வயலில் ஒரு முறை என்பது மணிக்கணக்கில் இருக்கும். கணினியில் அது ஒரு நொடியின் சிறு துணுக்கு. ஒரு நொடிக்குள் பல பத்து முறை வாய்க்கால் திருப்பப்படுவதால், பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே கடிதமும் தட்டச்சாகிறது, இரண்டும் ஒரே சமயத்தில் நடப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இப்போது சதவீதத்துக்கு வருவோம். பலரும் அதை வண்டியின் வேகமுள்ளைப் போல எண்ணிக்கொண்டு, நூறைத் தொட்டால் ஏதோ உடையப்போகிறது என்று அஞ்சுகிறார்கள். அது நேரக் கணக்கு. மடை ஒரு கணத்தில் ஏதாவது ஒரு வயலுக்குப் பாய்கிறது, அல்லது பாயவில்லை. பாதி பாய்வது என்று ஒன்று கிடையாது. கடந்த ஒரு நொடியில் பத்தில் மூன்று பங்கு நேரம் பாய்ந்திருந்தால் 30 சதவீதம். நொடி முழுவதும் யாருக்காவது பாய்ந்துகொண்டே இருந்திருந்தால் 100. வீடியோவை வெட்டி ஒட்டும்போதோ, பெரிய கோப்பு ஒன்றைச் சுருக்கும்போதோ நூறு காட்டினால், விலை கொடுத்து வாங்கிய பொருள் முழுதாக உழைக்கிறது என்று மகிழலாம்.

இன்றைய பிராசஸர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட மடைகள் உண்டு. ஒவ்வொன்றையும் கோர் என்பார்கள். நான்கு கோர்கள் கொண்ட எளிய பிராசஸரில், ஒரே ஒரு மடையை மட்டும் பயன்படுத்தத் தெரிந்த நிரல் ஒன்று எங்கோ சிக்கி, அந்த மடையை முழுதாகப் பிடித்துக்கொண்டால், திரையில் 25 சதவீதம்தான் காட்டும். எண் சிறியதாக இருக்கிறதே என்று அதை விட்டுவிடக் கூடாது. அசையாமல் நிற்கும் 25 சில சமயம் ஏறி இறங்கும் 90ஐவிட அதிகம் சொல்லும்.

இன்னொரு எண் பலரைப் பயமுறுத்தியிருக்கிறது. எந்த நிரல் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் விண்டோஸ் கருவியான டாஸ்க் மேனேஜரின் விவரப் பக்கத்தில் "சிஸ்டம் ஐடில் பிராசஸ்" என்ற பெயருக்கு எதிரே 95, 97 என்று பார்த்துவிட்டு, "இதுதான் எல்லாவற்றையும் தின்கிறது" என்று அதை நிறுத்த முயன்றவர்களை எனக்குத் தெரியும். ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியாக வழியும் அல்லவா, அதற்கு ஒப்பானது அது. எந்த வயலும் கேட்காத நேரத்தின் கணக்கு. அது பெரிதாக இருந்தால் கணினி ஓய்வாக இருக்கிறது என்று பொருள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சதவீதம் என்பது பிராசஸரின் நேரம் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண். யாருக்காகச் செலவானது, அந்தச் செலவு நியாயமானதா என்ற இரண்டையும் அது சொல்வதில்லை. அவற்றை நாம்தான் தேட வேண்டும்.

நல்ல காரணங்களும் வெயிலும்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு என்ற தலைப்பின்மீது ஒருமுறை அழுத்தினால், அதிகம் நேரம் எடுக்கும் நிரல் மேலே வந்து நிற்கும். பெரும்பாலான நேரங்களில் அங்கே தெரிவது வீட்டு ஆளாகத்தான் இருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு நிரல் கோப்புகளைச் சோதித்துக்கொண்டிருக்கலாம். கோப்புகளை விரைந்து தேடித்தருவதற்கான அட்டவணை உருவாகிக்கொண்டிருக்கலாம். முப்பது பக்கங்களைத் திறந்துவைத்த பிரவுசராக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. அமெரிக்க நேரக் கணக்கால் நமக்கு அது செவ்வாய் இரவு. அந்த வாரத்துப் புதன், வியாழனில் கணினி சற்று மூச்சுவாங்கினால், அரை மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. இவை எல்லாமே வேலை முடிந்ததும் தாமாக அடங்கிவிடும்.

வெயிலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் இதுதான் அதிகமாக வைரஸ் என்று தவறாகப் பெயர் சூட்டப்படுகிறது. பிராசஸர் உழைக்கும்போது சூடாகும். மடிக்கணினிகளில் உள்ள பிராசஸர்கள் பல, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கருகிவிடாமல் இருக்கத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், மொட்டை மாடியின் கீழுள்ள அறையில், மெத்தைமீது வைத்துப் பயன்படுத்தப்படும் மடிக்கணினி அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். வேகம் பாதியாகக் குறைந்தால் அதே வேலைக்கு இரண்டு மடங்கு நேரம் தேவைப்படும். நேரக் கணக்கான சதவீதம் உடனே ஏறும். மடையின் வாயே சுருங்கிவிட்டது. வயல்களின் தேவை கூடவில்லை.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? டாஸ்க் மேனேஜரின் "பெர்ஃபார்மன்ஸ்" பக்கத்தில் ஸ்பீட் என்று ஓர் எண்ணும், பேஸ் ஸ்பீட் என்று இன்னோர் எண்ணும் இருக்கும். பின்னது பிராசஸரின் அடிப்படை வேகம். முன்னது இந்த நொடியின் வேகம். கணினி கடுமையாக உழைக்கும்போது முன்னது பின்னதைவிட மிகவும் கீழே கிடந்தால் வெப்பத்தை முதலில் சந்தேகிக்கலாம். என் அக்கா மகளின் மடிக்கணினியில் அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அன்று ஓடிய வேகம் 0.8. பின்மூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல் தூசி படிந்திருந்தது. விரலால் எடுத்தபோது உதிராமல் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. அதை எடுத்த பிறகு அந்தக் கணினிக்கு வேறு மருத்துவம் தேவைப்படவில்லை. இரண்டு ஃபார்மெட்டும் அந்தத் தூசியைத் தொடக்கூட இல்லை என்பதை நினைக்கும்போது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே சந்தேகத்தின் முதல் படி, மேலே நிற்கும் நிரலின் பெயரைப் பார்ப்பது. இரண்டாவது, அரை மணி நேரம் காத்திருப்பது. மூன்றாவது, வேகத்தையும் வெப்பத்தையும் பார்ப்பது. இவை மூன்றும் காரணம் சொல்லாதபோதுதான் தீநிரலைப் பற்றிப் பேச வேண்டும்.

திருடு போவது எது?

தீநிரல் ஒன்று ஏன் பிராசஸரை வருத்த வேண்டும்? கடவுச்சொல்லைத் திருட வந்தவனுக்கு அது தேவையே இல்லை. திருடன் பாத்திரங்களை உருட்டிச் சத்தம் போடுவதில்லை. பிராசஸர் நூறில் ஓடுவதற்கு முதன்மையான காரணம், திருடப்படும் பொருள் அந்த உழைப்பாகவே இருப்பதுதான்.

பிட்காயின் போன்ற மறையீட்டு நாணயங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றுக்கு ஒரு வங்கியோ தலைமையகமோ இல்லை. உலகெங்கும் உள்ள கணினிகள் சேர்ந்து ஒரே கணக்குப் புத்தகத்தை எழுதுகின்றன. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை, ஒரு புதிரை முதலில் விடுவிப்பவருக்குக் கிடைக்கும். எழுதியவருக்குப் புதிய நாணயம் கூலியாக வரும். பயணப் பெட்டியில் இருக்கும் மூன்று இலக்க எண்பூட்டை எண்ணிப் பாருங்கள். எண் மறந்துபோனால் 000 முதல் 999 வரை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. சரியான எண்ணை யாராவது சொல்லிவிட்டால் சரிபார்க்க ஒரு நொடி போதும். நாணயப் புதிரும் இதே இயல்புடையது, இலக்கங்கள் மட்டும் மிக மிக அதிகம். இப்படிப் புதிரைத் திருகிக்கொண்டே இருக்கும் வேலைக்கு மைனிங் என்றும், அதைச் செய்யும் நிரலுக்கு மைனர் என்றும் பெயர்.

பிட்காயினுக்கு இன்று சாதாரணக் கணினி போதாது. அதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரங்கள் வேண்டும். 2014இல் தோன்றிய மொனேரோ என்ற நாணயம் வேறு வழியில் சென்றது. சாதாரணப் பிராசஸர் வைத்திருப்பவரும் பங்கேற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, 2019 நவம்பரில் ராண்டம்எக்ஸ் என்ற புதிர்முறைக்கு அது மாறியது. அதோடு யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்பதையும் அது மறைத்துவிடும். நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்ட இந்த இரண்டும் திருடர்களுக்கு மிகவும் வசதியாக அமைந்துவிட்டன. ஆயிரம் பேருடைய கணினிகளில் மைனரை ஒளித்துவைத்தால், ஆயிரம் பேரின் பிராசஸரும் மின்சாரமும் ஒருவனுக்குக் கூலி சம்பாதித்துத் தரும்.

முன்பு இதை இணையப் பக்கங்கள் வழியாகவே செய்தார்கள். 2017 செப்டம்பரில் தொடங்கி 2019 மார்ச்சில் மூடப்பட்ட காயின்ஹைவ் என்ற சேவை, ஒரு பக்கத்தைத் திறந்துவைத்திருக்கும் வரை பார்வையாளரின் பிராசஸரில் மொனேரோவுக்கான புதிரை ஓட்டியது. 2018 பிப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் ஒரு துணைநிரலில் யாரோ இதைச் செருகிவிட்டதால், பிரிட்டன் அரசுத் தளங்கள் உள்பட 4000க்கும் மேற்பட்ட தளங்கள் சில மணி நேரம் தமக்குத் தெரியாமலேயே வருகையாளர்களின் கணினிகளை உழைக்கவைத்தன. பிரவுசரை மூடினால் அந்த வகை பெரும்பாலும் நின்றுவிடும். கணினியிலேயே குடியேறும் வகை அப்படி நிற்காது.

இழப்பு எவ்வளவு என்று கேட்கலாம். மேசைக் கணினி ஒன்று இதனால் 100 வாட் கூடுதலாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுவதும் அணைக்காமல் விட்டால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், நம் மின்கட்டணக் கணக்கின்படி இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். கிணற்றுக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர் இரவில் நம் மோட்டாரைப் போட்டுத் தம் நிலத்துக்குப் பாய்ச்சிக்கொள்வது போன்ற வேலை இது. தண்ணீர் குறைவதோடு மோட்டாரும் தேயும், மின்கட்டணமும் நம் பெயரில்தான் வரும்.

குடியாத்தத்துக் கணினி

நண்பரின் அலுவலகம் என்பது கடைக்குப் பின்னால் உள்ள ஓர் அறை. மூன்று பக்கமும் கைலிக் கட்டுகள், நடுவில் மேசை, மேசைக்கு அடியில் கணினிப் பெட்டி. உள்ளே நுழையும்போதே விசிறியின் இரைச்சல் கேட்டது. யாரும் எதுவும் செய்யாமல் திரை வெறுமனே கிடந்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். சிபியு 4 சதவீதம். நண்பர், "பார்த்தீங்களா, ஒண்ணுமே இல்ல. ஆனா எப்பவும் இப்படித்தான் கத்தும்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் இரைச்சல் தணிந்தது. சாளரத்தை மூடினேன். ஏறக்குறைய கால் நிமிடத்தில் விசிறி மறுபடி எழும்பியது. மீண்டும் திறந்தேன், மீண்டும் தணிந்தது. மூன்று முறை செய்து பார்த்தோம், மூன்று முறையும் அப்படியே நடந்தது.

மைனர்கள் பல, டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். திறந்தால் வேலையை நிறுத்திவிடும், மூடினால் தொடரும். வேறு சில, விசைப்பலகையையும் மவுஸையும் யாரும் சில நிமிடம் தொடாதபோது மட்டும் ஓடும். எண் பொய் சொல்லலாம். சூடான சில்லைக் குளிர்விக்கச் சுழலும் விசிறிக்கு அந்தச் சாமர்த்தியம் தெரியாது. எனவே "டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சரியாகிவிடுகிறது" என்று யாராவது சொன்னால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினோம். மைனர் தனியாக வேலை செய்வதில்லை. புதிரைப் பெறவும் விடையை ஒப்படைக்கவும் வெளியே ஒரு சர்வரோடு பேச வேண்டும். கேபிள் போன சிறிது நேரத்தில் விசிறி அடங்கியது. சந்தேகம் இப்போது ஏறக்குறைய உறுதியானது. பிறகு கேபிளை மீண்டும் செருகிவிட்டு, விண்டோஸிலேயே உள்ள "ரிசோர்ஸ் மானிட்டர்" என்ற கருவியைத் திறந்தோம். அந்த மைனர் இதைக் கண்டு ஒளியவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவர் (திரைக் காட்சிக்கான வன்பொருளை விண்டோஸோடு இணைக்கும் நிரல்) போன்ற பெயரில் ஒரு நிரல் பட்டியலின் உச்சியில் நின்றது. ஆனால் அது இருந்த இடமோ, பயனரின் தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ஒரு ஃபோல்டர். டிரைவர்கள் அங்கே குடியிருப்பதில்லை.

பெயரை நம்பாமல் இருப்பிடத்தைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். விண்டோஸில் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயரில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுவது இயல்பு. தீநிரல்கள் அதே பெயரையோ, நடுவில் இரண்டு எழுத்தை மாற்றிப்போட்ட பெயரையோ சூட்டிக்கொள்ளும். நிரலின்மீது வலது சொடுக்கு செய்து அதன் கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்தால், உண்மையானது விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும். கோப்பின் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்றும் பார்க்கலாம். இன்னும் ஐயம் இருந்தால், கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டல் தளத்தில் அந்த நிரல் கோப்பை ஏற்றினால், பல பத்து ஆன்டிவைரஸ்கள் அதைப் பற்றி என்ன நினைக்கின்றன என்று ஒரே பக்கத்தில் காட்டும். உங்கள் சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்ற வேண்டாம். ஏற்றியது பிறர் கைக்கும் போகக்கூடும்.

சுருக்கமாக: மைனரின் அடையாளம், காரணமில்லாத தொடர் உழைப்பு, கவனித்தால் ஒளிவது, இணையம் போனால் அடங்குவது, தவறான இடத்தில் இருக்கும் பழக்கமான பெயர். ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். இரண்டு மூன்று சேர்ந்தால் நம்பலாம்.

வெட்டினாலும் ஏன் துளிர்க்கிறது?

அந்த நிரலை நிறுத்தினோம். ஒரு நிமிடத்தில் திரும்ப வந்தது. கோப்பை அழித்தோம். கணினியை அணைத்துப் போட்டதும் கோப்பும் திரும்ப வந்திருந்தது. பாலாற்றுப் படுகையிலும் ஏரிகளிலும் சீமைக் கருவேலத்தை வெட்டியவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. அடிக்கட்டை மண்ணில் இருக்கும் வரை அது துளிர்த்துக்கொண்டேதான் இருக்கும்.

தீநிரலின் அடிக்கட்டை பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: கணினி தொடங்கும்போது தானாக ஓடும் நிரல்களின் பட்டியல், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் "டாஸ்க் ஷெட்யூலர்", பின்னணிச் சேவைகளின் பட்டியல். இவற்றைத் தவிர இன்னொரு தந்திரமும் உண்டு. டிஃபெண்டரில் "இந்த ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம்" என்று சொல்லிவைக்கும் விலக்குப் பட்டியல் இருக்கிறது. நண்பரின் கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தபோது சி டிரைவ் முழுவதுமே விலக்கப்பட்டிருந்தது. காவல்காரன் வாசலில்தான் நின்றான். வீட்டுக்குள் பார்க்காதே என்று அவனுக்கு உத்தரவு. இத்தனை மாதம் டிஃபெண்டர் பச்சை நிறத்தில் "எல்லாம் நலம்" என்று காட்டிக்கொண்டிருந்ததன் மர்மம் அதுதான்.

எப்படி உள்ளே வந்தது என்று தேடினோம். கணக்கு எழுதும் மென்பொருள் ஒன்றின் கிராக் பதிப்பை, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதியை, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவியிருந்தார்கள். நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி அந்த கிராக்கே கேட்டதாம். அணைத்தவர்மீது எனக்குக் கோபம் இல்லை; கணக்கு முடிக்க வேண்டிய அவசரம் அவருக்கு. ஆனால் பூட்டைத் திறந்துவைக்கச் சொல்லிக் கேட்கும் விருந்தாளியை உள்ளே விடலாமா என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில், சந்தேகம் தீரும் வரை அந்தக் கணினியில் வங்கி வேலை எதுவும் செய்ய வேண்டாம். முக்கியமான ஆவணங்களையும் படங்களையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். ஓடும் நிரல் கோப்புகளையும், நிறுவும் கோப்புகளையும் எடுக்காதீர்கள். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்து, நீங்கள் சேர்க்காத எதுவும் இருந்தால் நீக்குங்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன்பே, தீநிரல் விழித்துக்கொள்ளாத நிலையில், அது சோதிக்கும். ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். நண்பரின் கணினியில் அந்தச் சோதனைதான் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தது. இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்திலும் இலவசத் துப்புரவுக் கருவிகள் கிடைக்கின்றன.

பயத்தில் இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒன்றாக நிறுவ வேண்டாம். இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதித்து, நீங்கள் தீர்க்க வந்த அதே நூறு சதவீதத்தைத் தாமே உண்டாக்கிவிடும்.

திருத்தங்களைத் தவறாமல் போடுவதும் இந்த வரிசையில் சேரும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கு, மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. அதே ஓட்டை வழியாகப் பின்னர் மைனர்களும் புகுந்தன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு, அதாவது எல்லோருக்கும் இயல்பாகத் திருத்தங்கள் வருவது, 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஃபார்மெட் எப்போது சரி? சோதித்து நீக்கிய பிறகும் அதே தீநிரல் திரும்பினால், அல்லது கடவுச்சொல் திருடும் தீநிரலும் கூடவே இருந்தது தெரியவந்தால், அப்போது அது சரியான முடிவு. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிய விண்டோஸை, சுத்தமான வேறு கணினியில் தயாரித்த பென்டிரைவிலிருந்து நிறுவ வேண்டும். கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து எடுக்கும் பழைய பென்டிரைவும், உரிமம் வாங்காமலே விண்டோஸை இயங்கவைக்க இலவசமாகப் போட்டுத்தரும் ஆக்டிவேட்டரும் வேண்டவே வேண்டாம்.

அமைதியான கணினியும் சந்தேகத்துக்கு உரியதே

1988 நவம்பர் 2ஆம் நாள், இணையத்தின் தொடக்க காலத்தில், ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் எழுதிய நிரல் ஒன்று கணினிக்குக் கணினி தாவிப் பரவியது. ஏற்கெனவே தன் பிரதி உள்ள கணினியில் மீண்டும் குடியேறாமல் இருக்க அது கேட்டுப் பார்க்கும். ஆனால் ஏழில் ஒரு முறை விடையைப் பொருட்படுத்தாமல் குடியேறிவிடும்படி அவர் அமைத்திருந்தார். அதன் விளைவாக ஒரே கணினியில் பிரதிகள் பெருகிப் பிராசஸரை மூச்சுமுட்ட வைத்தன. கணினிகள் திணறியதால்தான் நிர்வாகிகளுக்கு விஷயம் தெரிந்தது. அந்த ஓர் அமைப்பைக் குறைத்து எழுதியிருந்தால், அது நெடுங்காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கக்கூடும்.

இதிலிருந்து தெரிவது, திணறல் என்பது ஒரு சில தீநிரல்களின் அறிகுறி மட்டுமே. கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் திருடுபவை 1 சதவீதம்கூட எடுக்காமல் வேலையை முடித்துவிட்டுப் போகும். மைனர் நுழைந்த வழியில் அவையும் நுழைந்திருக்கலாம் என்பதால், சுத்தம் செய்த பிறகு மின்னஞ்சலிலிருந்து தொடங்கி முக்கியமான கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு கணினியிலோ கைப்பேசியிலோ இருந்து மாற்ற வேண்டும். பணம் போயிருப்பது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

குடியாத்தத்துக் கணினியில் இவை எல்லாவற்றையும் முடித்த பிறகு ஒரு வாரம் கவனிக்கும்படி நண்பரிடம் சொன்னேன். காலையில் கடை திறந்ததும் எதையும் தொடாமல், டாஸ்க் மேனேஜரையும் திறக்காமல், பத்து நிமிடம் விசிறியின் சத்தத்தை மட்டும் கேட்க வேண்டும். பிறகுதான் எண்ணைப் பார்க்க வேண்டும். எட்டாம் நாள் அவர் தொலைபேசியில் அழைத்தார். பெட்டி ஓடுகிறதா என்று குனிந்து விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்றார்.